பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் வெளிநாட்டுப் பயணமும்: கிழக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை, வெளிநாட்டில் ஓர் உறவாவது இல்லாத வீடு அரிது. ஆகவே இங்கே ஒரு குடும்பம் இரண்டாகும்போது பிரச்சினை ஊர் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. கட்டாருக்கும் கனடாவுக்கும் நீள்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அனுப்பலாமா, அனுப்பினால் திரும்பி வருமா என்று தாய் தந்தையரும், அவர்களைவிட அதிகமாக அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தைத் தடுப்பதில் செலவாகும் பலத்தில் பாதியைப் பிள்ளையின் திரும்பும் திகதியை எழுத்தில் பெறுவதில் செலவிட்டால் பெரும்பாலான சண்டைகள் நீதிமன்றப் படியேறாது. கீழே உள்ளவை இலங்கைச் சட்டத்தின் பொதுவான நிலை. ஒவ்வொரு குடும்பத்தின் விவரமும் வேறு என்பதால் எதிலும் கையொப்பமிடுவதற்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் பிரிந்து வாழ்கிறோம். விவாகரத்து எடுக்கவில்லை. பிள்ளை மீது உரிமை யாருக்கு?

இருவருக்கும். வீட்டை விட்டுப் போனதால் தந்தையின் உரிமை அற்றுப்போவதில்லை. கோபித்துக்கொண்டு போனதால் தாயின் உரிமையும் அற்றுப்போவதில்லை. இலங்கையில் பாதுகாவல் பற்றிய விதிகள் பெரும்பாலும், ஒல்லாந்தர் காலத்தில் இங்கே வந்த ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்தவை. திருமணம் நிலைத்திருக்கும் காலத்தில் தந்தையே இயற்கைப் பாதுகாவலர், அவருக்கே முன்னுரிமை என்பது அதன் பழைய நிலைப்பாடு. சிலர் இந்த ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு வந்து தாயை மிரட்டுகிறார்கள். அதே சட்டம் நீதிமன்றத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் மேலான பாதுகாவலராக வைத்திருக்கிறது என்பதையும், பிள்ளையின் நலனுக்கு முன்னால் தந்தையின் முன்னுரிமை விலகிக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக இங்கே இயற்றப்பட்ட 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எல்லா விடயங்களிலும் பிள்ளையின் சிறந்த நலனே முதன்மையானது என்கிறது.

தாய் தந்தையர் திருமணம் செய்யாதிருந்தால் பிள்ளையின் பாதுகாவல் தாய்க்குரியது. பிள்ளை 18 வயதை அடைந்ததும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகு பிள்ளை தானே முடிவெடுக்கலாம்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பிரிந்ததும் அவர் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். இனி அவருக்குப் பிள்ளையில் என்ன இருக்கிறது?

கிழக்கில் வீட்டைச் சீதனமாக மகளுக்கு எழுதிக்கொடுக்கும் வழக்கம் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய நன்மையைச் செய்திருக்கிறது. தாய் தந்தையர் பிரிந்தாலும் பிள்ளை படுக்கும் அறை மாறுவதில்லை, பள்ளிக்கூடம் மாறுவதில்லை, பக்கத்து வளவில் இருக்கும் பெரியம்மாவும் மாறுவதில்லை. பிள்ளை நிலைத்து வாழும் இடத்தைக் காரணமில்லாமல் குலைக்க நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. ஆகவே நாளாந்தப் பராமரிப்பு தாயிடமே இருப்பது இங்கே இயல்பாக நடந்துவிடுகிறது.

ஆனால் அதே வழக்கம் தந்தையை விருந்தாளியாக்கிவிடுகிறது. வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் பிள்ளையின் தந்தை யார் என்பதற்கும் தொடர்பில்லை. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, பிரிந்த பெற்றோர் இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பதைப் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது. பிள்ளையின் நலனுக்குக் கேடானால் மட்டுமே அதற்கு விலக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருடம் பிள்ளையைக் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, கடவுச்சீட்டுக்குக் கையொப்பம் தேவைப்படும் நாளில் மட்டும் தந்தையைத் தேடிப்போனால் அவர் மறுப்பதில் வியப்பில்லை. பயணச் சண்டைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: இருவரும் சேர்ந்து வளர்ப்பது என்ற ஏற்பாடு இலங்கையில் உண்டா?

உண்டு. இதற்கென்று விரிவான தனிச்சட்டம் இல்லை என்பதால் ஏற்பாட்டின் உள்ளடக்கத்தைப் பெற்றோரும் சட்டத்தரணிகளும்தான் எழுத வேண்டும். வழக்கமாக நடப்பது இதுதான்: ஒருவரிடம் நாளாந்தப் பாதுகாவல், மற்றவருக்குப் பிள்ளையைப் பார்க்கவும் தங்கவைக்கவும் உரிமை, படிப்பு, வைத்தியம், வெளிநாட்டுப் பயணம் போன்ற பெரிய முடிவுகளில் இருவரும் கலந்து பேச வேண்டும் என்ற நிபந்தனை. மூன்றரை நாள் இங்கே, மூன்றரை நாள் அங்கே என்ற கணக்கை நான் பரிந்துரைப்பதில்லை. காரைதீவில் படிக்கும் பிள்ளை வாரத்தின் நடுவில் களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் ஏறி ரியூசனுக்கும் பள்ளிக்கும் ஓட வேண்டியிருந்தால் அந்தச் சமத்துவம் பெற்றோருக்குத்தான் சுகம்.

எழுதும்போது நுணுக்கமாக எழுதுங்கள். ‘பண்டிகை நாட்களைப் பகிர்ந்துகொள்வோம்’ என்று எழுதினால் முதல் வருடமே சண்டை வரும். தாயின் வீடு மட்டக்களப்பு, தந்தையின் ஊர் திருக்கோவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமாங்கேஸ்வரர் தீர்த்தமும் சித்திரவேலாயுத சுவாமி தீர்த்தமும் ஒரே ஆடி அமாவாசையில்தான் வரும். இந்த வருடம் எங்கே, அடுத்த வருடம் எங்கே என்று இப்போதே எழுதினால் தீர்ந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, சித்திரை வருடப்பிறப்பு, நத்தார், பெருநாள் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். முஸ்லிம் பாடசாலைகளின் நோன்புகால விடுமுறை மற்றப் பாடசாலைகளின் விடுமுறையோடு ஒத்துவராது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பிள்ளையை யார், எத்தனை மணிக்கு, எங்கே ஒப்படைப்பது? மற்றவர் தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போவது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சை வரும் வருடங்களில் பயணமே வேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கலாமா? இவ்வளவையும் இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு பின்னேரத்தில் பேசி எழுதிவிட முடியும்.

கேள்வி: வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டிருக்கிறோம். அது போதாதா?

இன்றைக்குப் போதும். ஒருவர் மறுமணம் செய்யும்போது, அல்லது ஒருவருக்கு வெளிநாட்டு விசா கிடைக்கும்போது போதாது. சமாதான நீதவான் முன்னிலையில் கொடுக்கும் சத்தியக்கடதாசி நல்ல சான்று, ஆனால் அதை மீறியவரை அதை மட்டும் வைத்து வழிக்குக் கொண்டுவர முடியாது. விவாகரத்து அல்லது பிரிவு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் இருந்தால் உங்கள் இணக்கத்தை வழக்கேட்டில் பதிவுசெய்து நீதிமன்றக் கட்டளையாக்கிக்கொள்ளுங்கள். அதை மீறுவது நீதிமன்ற அவமதிப்பு வரை போகக்கூடியது. வழக்கு முடியும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாதுகாவல், பராமரிப்பு, கல்வி பற்றி இடைக்காலக் கட்டளைகளையும் நீதிமன்றம் வழங்கலாம்.

கேள்வி: பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்க இருவருடைய சம்மதமும் வேண்டுமா?

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கேட்கும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாகச் சம்மதம் கொடுக்கலாம். விவாகரத்தானவர்கள் பாதுகாவல் பற்றிய நீதிமன்றக் கட்டளையைக் காட்ட வேண்டும். அந்தக் கட்டளையில் ‘கடவுச்சீட்டுப் பெறவும் புதுப்பிக்கவும் தாயின் சம்மதம் மட்டும் போதும்’ அல்லது ‘இருவரின் சம்மதமும் வேண்டும்’ என்ற ஏதாவது ஒரு வரி தெளிவாக இருந்தால் திணைக்களத்தின் தலைமையகம் உள்ள பத்தரமுல்லை வரை போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம். சிறுவருடைய கடவுச்சீட்டு பெரியவர்களுடையதைவிடக் குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும். ஆகவே இந்தச் சம்மதம் ஒரு தடவையோடு முடியும் விடயமும் அல்ல.

கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது என்பவர்களுக்கு உறுதியான வழி நீதிமன்றக் கட்டளைதான்.

கேள்வி: என் சம்மதம் இல்லாவிட்டால் கட்டுநாயக்கவில் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள் அல்லவா?

இந்த நம்பிக்கையில் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். செல்லுபடியான கடவுச்சீட்டும் விசாவும் இருந்து, பிள்ளையோடு பெற்றோரில் ஒருவர் நின்று, நீதிமன்றத் தடை எதுவும் குடிவரவு அதிகாரிகளின் பதிவில் இல்லாவிட்டால், உங்கள் மனதில் இருக்கும் மறுப்பு அந்தக் கருமபீடத்தில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க ஓர் இரவுப் பயணம். செய்தி கேட்டுப் புறப்பட்டால் நீங்கள் போய்ச் சேர முன் விமானம் போய்விடும். தடுக்க வேண்டிய காரணம் உண்மையாகவே இருந்தால், டிக்கெட் வாங்கப்படுவதற்கு முன்பே செயற்பட வேண்டும்.

கேள்வி: என்ன செய்ய வேண்டும்? அவர் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் பயத்துக்கு ஆதாரம் என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலையை விட்டுவிட்டாரா, வளவை விற்றுவிட்டாரா, பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் எடுத்துவிட்டாரா, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டாரா, ‘இனிப் பிள்ளையைக் காணமாட்டாய்’ என்று செய்தி அனுப்பினாரா? இப்படியான விடயங்கள் நீதிபதியின் முன் எடுபடும். ‘அவருடைய குடும்பமே அப்படித்தான்’ என்பது எடுபடாது.

பிறகு உங்கள் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் சட்டத்தரணி ஊடாக அவசர விண்ணப்பம் செய்யலாம். பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோவதற்குத் தடையுத்தரவு, பிள்ளையின் கடவுச்சீட்டை நீதிமன்றப் பொறுப்பில் ஒப்படைக்கும் உத்தரவு, குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவிக்கும் உத்தரவு ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை மறந்துவிட்டால் மற்ற இரண்டும் விமான நிலையத்தை எட்டாது. உத்தரவு கிடைத்ததும் அதன் உறுதிப்படுத்திய பிரதி திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று நீங்களே விசாரியுங்கள். உத்தரவு எந்தத் திகதி வரை என்று பார்த்து, காலாவதியாகும் முன் நீடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பிரித்தானியாவிலோ கனடாவிலோ பிறந்து அந்த நாட்டுக் குடியுரிமையும் உள்ளது என்றால் இலங்கைக் கடவுச்சீட்டைப் பூட்டிவைத்தால் மட்டும் பயனில்லை. மற்றக் கடவுச்சீட்டையும் நீதிமன்றத்தில் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நீதிமன்ற உத்தரவின் பிரதியோடு கொழும்பில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்துக்கும் எழுதலாம்.

பிள்ளை நாட்டுக்குள்ளேயே ஒளித்துவைக்கப்பட்டிருந்தால், பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரும்படி கேட்கும் ஆட்கொணர்வு மனு ஒரு வழி. பிள்ளை கிழக்கு மாகாணத்துக்குள் இருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம் உண்டு. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மேல் நீதிமன்றங்கள் இருக்கின்றன. மாகாணத்துக்கு வெளியே என்றால் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

கேள்வி: நான் திரும்பி வரத்தான் போகிறேன். அக்காவின் மகளுடைய கலியாணத்துக்கு நான்கு வாரம் மெல்பேர்ண் போய்வர வேண்டும். சம்மதக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

நீங்கள் மற்றவருடைய இடத்தில் இருந்தால் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவீர்களோ அதையெல்லாம் எழுதுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், யாரோடு போகிறது, எந்த நாடு, எந்த நகரம், தங்கும் வீட்டின் முகவரியும் தொலைபேசியும், புறப்படும் விமானம், திரும்பும் விமானம். ‘சுமார் ஒரு மாதம்’ என்று எழுதக் கூடாது. நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். வழியில் எந்த நாட்டில் மாறுகிறீர்கள் என்பதையும் சேருங்கள். பிள்ளைக்கு அங்கே வைத்தியம் தேவைப்பட்டால் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? விமானம் இரத்தானால் எத்தனை மணிநேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்? பிள்ளை எந்த நேரத்தில் மற்றவரோடு பேசும்? இவையும் வர வேண்டும்.

கடிதத்தைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் கையொப்பமிட்டு, தேவைப்படும் நாட்டு மொழிக்கு மொழிபெயர்ப்பும் இணையுங்கள். அவுஸ்திரேலியா 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விசா வழங்கும்போது பெற்றோர் சம்மதத்துக்கென்றே 1229 ஆம் இலக்கப் படிவத்தை வைத்திருக்கிறது. கனடா தனியொரு பெற்றோருடன் வரும் பிள்ளை சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது என்கிறது. பிரித்தானிய, ஐரோப்பிய விசா விண்ணப்பங்களிலும் மற்றப் பெற்றோரின் சம்மதம் பற்றிக் கேட்பார்கள்.

திரும்பி வந்ததும் ஒரு சிறிய செய்தி அனுப்புங்கள்: ‘வந்து சேர்ந்துவிட்டோம், சனிக்கிழமை வழக்கம்போல் வாருங்கள்.’ அடுத்த பயணத்துக்குரிய கையொப்பத்தை அந்தச் செய்திதான் எளிதாக்கும்.

கேள்வி: எல்லாம் எழுதிக் கொடுத்தும் அவர் மறுக்கிறார்.

நீதிமன்றத்தில் பயண அனுமதி கேளுங்கள். பயணத்தின் நோக்கம் என்ன, பிள்ளையின் படிப்பு எவ்வளவு தடைப்படும், போகிறவருக்கு இங்கே வேர் இருக்கிறதா, இதற்கு முன் சொன்ன நாளில் திரும்பி வந்திருக்கிறாரா என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். உங்கள் தரப்பிலிருந்தே உத்தரவாதம் வைக்க முன்வாருங்கள்: போய்வரும் டிக்கெட்டின் பிரதி, பணப் பிணை, வீட்டு உறுதி, பிணைநிற்கும் உறவினர், திரும்பியதும் கடவுச்சீட்டை ஒப்படைக்கும் உறுதிமொழி. பழிவாங்குவதற்காக மறுக்கும் பெற்றோரின் மறுப்பு இவற்றின் முன் மெலிந்துவிடும். உண்மையான பயத்தில் மறுப்பவருக்கு இவை ஆறுதல். கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். தவணை தள்ளிப்போகும் என்பது எல்லோரும் அறிந்தது.

கேள்வி: பிள்ளையை ஏற்கெனவே வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். இனி என்ன?

எந்த நாடு என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சர்வதேசப் பிள்ளைக் கடத்தலின் குடியியல் அம்சங்கள் பற்றிய ஹேக் சமவாயம் 1980 இல் உருவானது. இலங்கை அதில் 2001 இல் இணைந்து, அதே வருடம் 10 ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை, அது வழக்கமாக வசித்த நாட்டிலிருந்து மற்றப் பெற்றோரின் பாதுகாவல் உரிமையை மீறிக் கொண்டுபோனாலோ, ஒத்துக்கொண்ட நாளில் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டாலோ அந்தச் சமவாயம் பொருந்தும். பிள்ளை யாரோடு வாழ வேண்டும் என்ற வழக்கை எந்த நாட்டு நீதிமன்றம் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. பிள்ளை திரும்பி வந்த பிறகு பாதுகாவல் வழக்கு இங்கே நடக்கும். விண்ணப்பம் நீதி அமைச்சின் ஊடாகப் போகும்.

காலம் மிக முக்கியம். ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடங்கினால் திருப்பி அனுப்புவதே பொது விதி. அதற்குப் பிறகு, பிள்ளை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்ற வாதத்துக்கு இடம் உண்டு. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்குப் பாரிய ஆபத்து என்று நிரூபிக்கப்பட்டாலும், நீங்கள் முன்பே சம்மதித்தீர்கள் என்று காட்டப்பட்டாலும், முதிர்ச்சியுள்ள பிள்ளை தானே மறுத்தாலும் நீதிமன்றம் மறுக்கலாம். சமாதானப் பேச்சு என்ற பெயரில் மாதங்களைக் கடத்தாதீர்கள். கோபத்தில் ‘அங்கேயே வைத்துக்கொள்’ என்று ஒரு குரல்பதிவும் அனுப்பாதீர்கள். அது சம்மதமாக வாசிக்கப்படும்.

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே எல்லாம் இந்தச் சமவாயத்தின் உறுப்பு நாடுகள். பிந்தி இணைந்த ஒரு நாட்டின் இணைவை மற்ற நாடு ஏற்றுக்கொண்டிருந்தால்தான் இரண்டுக்கும் இடையில் அது இயங்கும் என்பதால், பிள்ளை இருக்கும் நாட்டுக்குரிய நிலையை நீதி அமைச்சில் உறுதிசெய்யுங்கள். நம்மவர்கள் அதிகம் வேலை செய்யும் சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை இதில் இல்லை. இந்தியாவும் இல்லை. அங்கே பிள்ளை போய்விட்டால் அந்த நாட்டு நீதிமன்றத்தில் அந்த நாட்டுச் சட்டப்படியே போராட வேண்டும். ஆகவே வளைகுடாவுக்கோ சென்னைக்கோ பிள்ளை போகும்போது முன்கூட்டிய பிணையையும் திரும்பும் திகதியையும் இன்னும் இறுக்கமாகக் கேட்பது நியாயமானது. இதற்காக யாரும் உங்களைச் சந்தேகப் பிராணி என்று சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: என் மகள் லண்டனில் கணவரைப் பிரிந்திருக்கிறாள். பேரனோடு மட்டக்களப்புக்கு வரப்போகிறாள். ‘அம்மா, இனி இங்கேயே இருந்துவிடுகிறேன்’ என்கிறாள். நான் என்ன சொல்வது?

மகளின் துயரம் உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும், பேரனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் திட்டத்துக்குத் துணைபோகாதீர்கள். மேலே சொன்ன அதே சமவாயம் அவளுக்கு எதிராகத் திரும்பும். பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கேட்டு இலங்கை நீதிமன்றத்தில் வழக்கு வரலாம். இங்கிலாந்துச் சட்டப்படி, பாதுகாவல் உரிமையுள்ள மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோவது 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். பிள்ளை அவளோடு வாழ வேண்டும் என்ற நீதிமன்றக் கட்டளை ஏற்கெனவே இருந்தால், ஒரு மாதத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு மட்டும் அந்தச் சம்மதம் தேவைப்படாது. அவள் வழக்கில் தோற்றால் அங்கே பாதுகாவலையே இழக்கும் நிலை வரலாம்.

நிரந்தரமாகத் திரும்பி வர விரும்பினால் அங்குள்ள நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, சட்டப்படி வரட்டும். இங்கே எந்தப் பாடசாலை, எந்த வீடு, தந்தையோடு எப்படித் தொடர்பு என்று ஒரு திட்டத்தை எழுதிக் கொடுக்க நீங்கள் உதவலாம். தாய் வீட்டின் கதவு திறந்திருக்கிறது என்ற உங்கள் கடிதம் அந்த வழக்கில் அவளுக்குப் பலம்.

மற்ற நாடுகளிலும் விதி இறுக்கம்தான். அவுஸ்திரேலியாவில் பாதுகாவல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அனுமதியின்றிப் பிள்ளையை வெளியே கொண்டுபோனால் சிறை வரை போகலாம். பிள்ளையின் பெயரை விமான நிலையக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கவும் முடியும். கனடாவின் விவாகரத்துச் சட்டம் 2021 மார்ச் முதல், பிள்ளையோடு இடம்பெயர விரும்புபவர் 60 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்கிறது. சுவிட்சர்லாந்தில் 2014 ஜூலை முதல் பிரிந்த பெற்றோருக்கும் கூட்டுப் பொறுப்பே பொது விதி.

கேள்வி: நான் கட்டாருக்கு வேலைக்குப் போகிறேன். பிள்ளையை அம்மம்மாவிடம் விடுகிறேன். கணவர் வந்து கேட்டால்?

அவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பெற்றோர் அல்லாத ஒருவருக்கும் பெற்றோருக்கும் இடையில் வழக்கு வந்தால், பிள்ளைக்குத் தீங்கு வரும் என்று காட்டப்படாதவரை சட்டம் பெற்றோரின் பக்கம் சாயும். அம்மம்மா பத்து வருடம் வளர்த்திருந்தாலும் அவரிடம் ஒரு தாள்கூட இல்லாமல் போய்விடுகிறது. புறப்படுவதற்கு முன் கணவரோடு எழுத்தில் உடன்பட்டு, முடிந்தால் நீதிமன்றத்தில் பதிவுசெய்துவிட்டுப் போங்கள். பாடசாலை அதிபருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் ஏற்பாட்டைத் தெரியப்படுத்துங்கள். தந்தை வாரத்தில் ஒரு நாள் வந்து பார்க்க இடம் கொடுப்பது அம்மம்மாவின் நிலையைப் பலப்படுத்தும்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம்கள். காதி நீதிமன்றத்தில் இதைக் கேட்கலாமா?

விவாகரத்தும் பிள்ளைத் தாபரிப்பும் 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்துக்குரியவை. பிள்ளையின் பாதுகாவல் அதற்குரியதல்ல. மாவட்ட நீதிமன்றத்துக்கோ, ஆட்கொணர்வு மனுவாக மேல் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் காதியார் முன்னிலையில் எழுதிக்கொண்ட இணக்கம் சான்றாகப் பயன்படும், ஆனால் பயணத் தடைக்கு அது போதாது. சிறு பிள்ளை உம்மாவிடம் வளர்வதை முஸ்லிம் சட்டமே முதலில் வைக்கிறது. அதிலும் கடைசித் துலாக்கோல் பிள்ளையின் நலன்தான்.

கேள்வி: தாபரிப்புப் பணம் கட்டாதவருக்குப் பிள்ளையை ஏன் காட்ட வேண்டும்?

இரண்டும் வேறு வேறு. பணத்துக்கு 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்கவும் உத்தரவிட முடியும். 18 முதல் 25 வயது வரை உள்ள, தன்னைத் தாபரிக்க முடியாத பிள்ளைக்கும் கேட்கலாம். பிள்ளையைப் பணயமாக வைத்தால் அடுத்த வழக்கில் அது உங்களுக்கு எதிராகவே எழுதப்படும்.

கேள்வி: அவர் அடிப்பவர். அவரோடும் ‘பகிர்ந்து’ வளர்க்க வேண்டுமா?

இல்லை. மேலே நான் சொன்ன இணக்கம், விட்டுக்கொடுத்தல் எல்லாம் பயமில்லாமல் பேசக்கூடிய இருவருக்கு உரியவை. அடி, மிரட்டல், பிள்ளை மீது கைவைத்தல் இருந்தால் முதலில் பாதுகாப்பு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், பிறகு 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்தில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை எழுதி எடுங்கள். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர் பிள்ளையைப் பார்ப்பதானால் மூன்றாமவர் ஒருவரின் மேற்பார்வையில் மட்டும் என்று கேளுங்கள். ‘குடும்ப மானம்’ என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப எந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: பிள்ளையிடமே கேட்பார்களா?

வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப நீதிபதி தன் அறையில் தனியாகப் பேசலாம். பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். நீதிபதிக்கு அது தெரிந்துவிடும். பிள்ளைக்கோ அது வாழ்நாள் பாரம்.

கேள்வி: தந்தை ரொறன்ரோவில், பிள்ளை அக்கரைப்பற்றில். பார்க்கும் உரிமை என்பதற்கு என்ன பொருள்?

வெவ்வேறு நாடுகளில் வாழும் பெற்றோரோடு ஒழுங்கான தொடர்பைச் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 10 ஆம் உறுப்புரை தனியாகவே சொல்கிறது. கிழமைக்கு இரண்டு நாள் காணொளி அழைப்பு என்று எழுதினால் போதாது, நேரமும் வேண்டும். ரொறன்ரோ நமக்குப் பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பின்னால். இங்கே மாலை ஆறரைக்குப் பிள்ளை வீட்டுப்பாடம் முடிக்கும்போது அங்கே காலை எட்டு அல்லது ஒன்பது மணி. அந்த வேளை இருவருக்கும் பொருந்தும். கட்டார் என்றால் இரண்டரை மணித்தியால வித்தியாசம்தான். அழைப்பின்போது பக்கத்தில் நின்று ‘அப்பாவிடம் பணம் கேள்’ என்று கிசுகிசுக்க வேண்டாம். அவர் விடுமுறைக்கு வரும் திகதிகளை எத்தனை வாரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும், பிள்ளையை எத்தனை இரவு தன்னோடு வைத்திருக்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை.

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் நிலையங்கள் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கையே நடத்திக் கொடுப்பார்கள், ஆலோசனையும் கிடைக்கும். போகும்போது விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தர் தரும் கடிதம், முன்னைய வழக்கு ஏதாவது இருந்தால் அதன் இலக்கம், பிள்ளையின் கடவுச்சீட்டுப் பிரதி, பயணம் பற்றி மற்றவர் அனுப்பிய செய்திகளின் அச்சுப்பிரதி ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பயணத் திகதி நெருங்கியிருந்தால் வரிசையில் நிற்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்; அவசர விண்ணப்பத்தை அன்றைக்கே தயாரிக்க வேண்டியிருக்கும்.